விளக்கைத் தூக்காதவர்கள்

மார்ச் 4, புதன்

எங்கள் துறைமுகத்தில் பொம்மைகளை நிற்க வைத்து நிறுவனம் எங்களை ஏமாற்றுகிறது. இதை முதலில் எழுதி வைக்கிறேன். மற்றதெல்லாம் பிறகு.

இணையத்தில் நாங்கள் கூடி ஆடும் இந்தத் துறைமுக ஆட்டத்தில் ஆள் குறைந்துகொண்டே வருகிறது என்று எல்லோரும் பேசுகிறார்கள். ஆட்டத்தை நடத்தும் நிறுவனம் போன வாரம் ஓர் அறிவிப்பு விட்டது: ஆட்டம் செழிப்பாக இருக்கிறதாம், துறைமுகம் நிரம்பி வழிகிறதாம். நிரம்பித்தான் இருக்கிறது. யாரால்? பாலத்திலும் மீன் சந்தையிலும் சாம்பல் நிற அங்கி போட்ட ஒரு கூட்டம் அசையாமல் நிற்கிறது. துறைமுகத்துக்குள் எதிரே ஆள் வந்தால் கைவிளக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவரும் பதிலுக்குத் தூக்குவார். ஆட்டத்தில் சொல்லிக் கொடுத்ததல்ல, நாங்களாக வைத்துக்கொண்ட வழக்கம். எட்டு வருஷமாக நடக்கிறது. சாம்பல் அங்கிகளில் ஒன்றுகூடத் தூக்கவில்லை. ஒவ்வொன்றின் முன்னாலும் போய் நின்று பார்த்துவிட்டேன்.

பஸ் நிலையத்து டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவள் நான். எது கூட்டம், எது கூட்டம் மாதிரி என்று எனக்கா தெரியாது?

மார்ச் 5, வியாழன்

மகளிடம் சொன்னேன். லேப்டாப்பை விட்டுக் கண்ணெடுக்காமல், "கேம்ல பொம்மை நிக்குதுன்னு சண்டைக்குப் போற ஒரே ஆளு நீதாம்மா" என்றாள்.

மார்ச் 9, திங்கள்

எங்கள் குழுவுக்குத் தலைவி நான். குழுவில் மொட்டை என்று ஒருவன், சரக்கு லாரி ஓட்டுகிறவன். வண்டியை ஓரங்கட்டியதும் போனைத் திறந்து துறைமுகத்துக்கு வந்துவிடுவான். புகார் எழுதப் போகிறேன் என்று அவனிடம் சொன்னேன்.

"விடுங்க பெரிம்மா. நின்னா நின்னுட்டுப் போகட்டும். உங்க வீட்டு வாசல்லயா நிக்குது?"

"ஏமாத்து வேலைடா."

"யாரு ஏமாந்தா? புதுசா வர்றவன் கூட்டத்தைப் பார்த்தா உள்ளே வருவான். நல்லதுதானே?"

"அப்போ ஆளே இல்லைன்னு நீயே ஒத்துக்கிறே."

"லோடு ஏத்தக் கூப்பிடுறாங்க" என்று போய்விட்டான். இப்படி மழுப்புகிறவன் இல்லையே அவன். நர்ஸும் சரியாகப் பேசுவதில்லை. அவள் துறைமுகத்தில் விளக்குக் கடை வைத்திருக்கிறவள், நிஜத்திலும் நர்ஸ்தான். எல்லோருக்கும் என்ன வந்தது?

மார்ச் 12, வியாழன்

புகாரை ஆட்டத்தின் இணையப் பொது மன்றத்தில் போட்டேன், எல்லோரும் பார்க்கும்படி, படங்களோடு. நான் பத்தாவதோடு நின்றவள்தான். ஆனால் இந்த ஆட்டத்தின் விதிகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தவள். எந்த விதி மீறப்படுகிறது என்று குறிப்பிட்டேன். ஓரிடத்திலும் குழைந்து எழுதவில்லை. ஆள் போய்விட்டார்கள் என்றால் போய்விட்டார்கள் என்று சொல்லட்டும். எனக்கு உண்மை தெரிய வேண்டும்.

மார்ச் 13, வெள்ளி

பதில் இல்லை.

மார்ச் 18, புதன்

பதில் வந்தது. நிறுவனம் எந்தப் பொம்மையையும் நிறுத்தவில்லையாம். எல்லாம் ஆட்டக்காரர்களே கூடுதலாகத் திறந்த கணக்குகள். ஆளில்லாமல் உருவத்தை நிற்க வைப்பது விதிமீறல். அந்தக் கணக்குகளை நீக்கிவிட்டார்கள், நடத்தியவர்களுக்கு ஒரு மாதத் தடை. சுட்டிக்காட்டியதற்கு நன்றி.

துறைமுகத்துக்குப் போனேன். பாலத்தில் யாருமில்லை. சந்தையில் யாருமில்லை. விளக்குக் கடை பூட்டியிருந்தது.

மார்ச் 19, வியாழன்

நர்ஸ் போன் செய்தாள்.

"அந்த அங்கிக்காரங்க எல்லாம் நான்தான் பெரிம்மா. மொட்டையோடது ஒண்ணு ரெண்டு இருக்கும்."

"சாம்பல் அங்கி எதுக்குடி?" என்றுதான் வாயில் வந்தது.

"இலவசமா கிடைக்கிறது அது ஒண்ணுதான்."

புதிதாக வருகிறவர்கள் காலித் தெருவைப் பார்த்து அப்படியே திரும்பிவிடுகிறார்களாம். அதனால் ட்யூட்டி ரூமில் பழைய போன், பழைய டேப்லெட் என்று கிடைத்ததில் எல்லாம் ஆட்டத்தை ஏற்றி ஆட்களை நிற்க வைத்திருக்கிறாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்ன?"

"சொன்னா விடுவீங்களா? எந்த விதின்னு வரிசை நம்பரோட வந்து நிப்பீங்க."

நின்றிருப்பேன்.

அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன்.

மார்ச் 20, வெள்ளி

நான் எழுதியதில் எது பொய்? நின்றவை பொம்மைகள்தானே. நிறுத்தியது யார் என்பதில் மட்டும் பிசகிவிட்டது — அதையும் மன்றத்தில் திருத்தி எழுதிவிட்டேன். புகாரை வாபஸ் வாங்கவில்லை. வாங்க மாட்டேன்.

மார்ச் 25, புதன்

நிறுவனத்தின் புது அறிவிப்பு. நீக்கியது போக எண்ணிப் பார்த்தார்களாம், ஆட்டத்தில் இருக்கும் பல உலகங்களில் எங்கள் துறைமுகம் உள்ள உலகத்தில் ஆள் போதவில்லையாம். ஏப்ரல் கடைசி வரை பார்ப்பார்கள். நிலைமை மாறாவிட்டால் இன்னோர் உலகத்தோடு இணைத்துவிடுவார்கள். எங்கள் உருவங்கள் அங்கே போகும். பாலம், சந்தை, கடைகள், எட்டு வருஷமாக நாங்கள் கட்டியது எதுவும் போகாது.

உண்மை தெரிய வேண்டும் என்றேன். தெரிந்துவிட்டது.

மார்ச் 28, சனி

துறைமுகத்துக்கு ஒருவர் வந்தார். புதியவர், கையில் வெறும் கம்பு. நான் விளக்கைத் தூக்கினேன். அவரிடம் விளக்கு இல்லை. அது எதற்கென்றும் தெரியவில்லை. பூட்டிய கடையைப் பார்த்தார். பாலத்தில் இரண்டு முறை குதித்தார். போய்விட்டார்.

நான் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். இவன் நிஜ ஆளா என்று பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். குதித்தானே, பொம்மை குதிக்குமா?

ஏப்ரல் 2, வியாழன்

நானே நர்ஸுக்குப் போன் செய்தேன். தலைவி என்றால் எந்தக் கடைப் பூட்டையும் திறக்கலாமாம். விதியில் இருக்கிறது, எனக்கே மறந்துவிட்டது.

"கடையை நீங்க பார்த்துக்கங்க. வர்றவங்களை மட்டும் அதட்டாதீங்க."

"நான் எப்போடி அதட்டினேன்?"

வெகு நேரம் சிரித்தாள். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவளும் எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

மாதம் முடிவதற்குள் நடக்க வேண்டியவை.

நிறுவனம்: தடையை இன்றே நீக்க வேண்டும். தண்டனைதான் முக்கியம் என்றால் புகார் எழுதியவளுக்கும் சேர்த்துக் கொடுக்கட்டும். இப்படியே எழுதி அனுப்பிவிட்டேன்.

மொட்டை: அவனுக்கும் தடை, அது முடியும்வரை வெளியே வேலை. ஆட்டத்தை விட்டுப் போன பழைய ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட வேண்டும். கெஞ்சத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

நர்ஸ்: தடை முடிந்ததும் வர வேண்டும். ஒரே உருவத்தோடு.

மகள்: அலுவலகம் விட்டு வந்ததும் அரை மணி நேரம் மீன் சந்தை. நேற்றுக் கணக்குத் திறந்தாள். முணுமுணுத்துக்கொண்டே வரட்டும், வந்தால் போதும்.

நான்: காலையும் மாலையும் விளக்குக் கடை. வருகிறவர் யார் என்று கேட்காமல் விளக்குக் கொடுப்பது. யாராவது அசையாமல் நின்றால் பக்கத்தில் போய் நின்று, அவர் ஆட்டத்துக்குத் திரும்பி வரும்வரை காத்திருப்பது.