ஏழாம் படுக்கைக் குழந்தை

அன்புள்ள அம்மாவுக்கு,

மகன் வணங்கி எழுதுவது. முழங்கால் வலி இப்போது தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? நான் நலம். கொஞ்சம் சதைகூடப் போட்டிருக்கிறேன்.

"பிரசவ வார்டுல ஆம்பள நர்ஸுக்கு என்ன வேலை?" என்று சித்தி சிரித்தாரே, அவருக்கு இதைப் படித்துக் காட்டுங்கள். போன செவ்வாய் மதியம் ஏழாம் படுக்கைப் பெண்ணின் மாமியாரும் என்னைப் பார்த்து முகம் சுளித்தார். "நீ தொடாத தம்பி, நர்ஸம்மாவ வரச் சொல்லு."

சரியென்று திரும்பினேன். அதற்குள் பால் குடித்துக்கொண்டிருந்த குழந்தைக்குப் புரையேறி உதடு நீலம் பாரித்துவிட்டது. அனுமதி கேட்க நேரமில்லை. வாங்கி, முன்கையில் குப்புறக் கிடத்தி முதுகில் தட்டினேன். ஐந்தாவது தட்டில் பால் வெளியே வந்தது. பிறகு வார்டே அதிர ஓர் அழுகை!

பயப்படாதீர்கள், குழந்தை நன்றாக இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் நாளில் அந்த மாமியாரே பேரனை என்னிடம் நீட்டி, "வாசல் வரைக்கும் நீயே தூக்கிட்டு வாப்பா" என்றார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன் அம்மா. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

பார்சல் அனுப்பினால் நம் வீட்டுத் தலையணை உறை ஒன்று வையுங்கள். இங்கே என் அறைகூட மருந்து வாசனை அடிக்கிறது. உறையைத் துவைத்துவிடாதீர்கள், அப்படியே அனுப்புங்கள்.

அடுத்த பிரசவத்துக்குக் கூப்பிடுகிறார்கள். ஓடுகிறேன்.

உங்கள் மகன்