சொடக்குப் போட்டுப் பார்த்த அக்கா

மார்ச் 3, செவ்வாய்

அக்கா பாட வந்தாள்! தொண்டையில் கட்டி எடுத்து நான்கு வருடமாக ஒரு வரி கூடப் பாடாதவள், தானே கேட்டு வந்திருக்கிறாள். இசையமைப்பாளர் ஒருவர் தன் குழுவுக்குப் பெண்குரல் தேடுகிறாராம். இருபதாம் தேதிக்குள் ஒரு பாட்டு அனுப்ப வேண்டும். என் ஸ்டூடியோ என்பது வீட்டின் பின்னறை. துணி அலமாரியும் மைக்கும் ஒன்றாகக் குடியிருக்கின்றன.

"ஸ்கூல் வேன் ஓட்டி ஓட்டி, பிள்ளைங்ககிட்ட கத்தியே பழகிட்டேன். திட்டாத" என்றபடி ஹெட்போனை மாட்டினாள். குரலில் கொஞ்சம் கரகரப்பு. எனக்கு இதுதான் பிடித்திருக்கிறது.

மார்ச் 6, வெள்ளி

தாளத்துக்குப் பின்னாலேயே போகிறாள். பதினோரு முறை எடுத்தோம்.

மார்ச் 9, திங்கள்

இன்றும் அதே கதை. முன்னால் எடுக்கச் சொன்னால் எடுக்கிறாள், இரண்டு வரியில் மறுபடி தொய்கிறாள். பொறுமை போய், "உனக்குத் தாளமே விட்டுப்போச்சுக்கா" என்று சொல்லித் தொலைத்தேன்.

ஏன் சொன்னேன்? எனக்கு வாயில்தான் சனி.

ஹெட்போனைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி வைத்தாள். "நாலு வருஷம்னா சும்மாவா" என்றாள். அவ்வளவுதான்.

மார்ச் 10

வரவில்லை. போனும் எடுக்கவில்லை.

மார்ச் 13, வெள்ளி

மறந்துவிட்டுப்போன டிபன் டப்பாவை எடுக்க வந்தாள். பாட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. சமையலறையில் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தபோது நான் பின்னறை ஸ்பீக்கரில் அதே இசையை ஓடவிட்டிருந்தேன். முணுமுணுத்தாள், பிறகு வாய்விட்டே பாடினாள். ஒரு அடி கூடப் பிந்தவில்லை!

அப்படியானால் ஹெட்போனில் மட்டும் ஏன்?

அவள் போனதும் நானே மாட்டிக்கொண்டு மைக் முன்னால் விரலைச் சொடுக்கினேன். விரல் முதலில், சத்தம் பிறகு.

ஐயோ. பஃபர் 1024-இல் கிடக்கிறது. போன மாதம் விளம்பர வேலைக்காக ஏற்றியதை நான் இறக்கவே இல்லை. கம்ப்யூட்டர் குரலைச் சொட்டுச் சொட்டாகத் தராது. பஃபர் என்கிற வாளியில் பிடித்து, நிறைந்ததும் ஊற்றும். வாளி பெரிதானால் அதற்கு நிம்மதி. பாடுகிறவளுக்குத் தன் குரலே பிந்தி வரும். அதைக் கேட்டு அவளும் இழுத்திருக்கிறாள். இந்தத் தொழிலில் முதல் வாரமே சொல்லித் தரும் பாடம் இது. எட்டு வருடமாக இதில்தான் சோறு தின்கிறேன்.

மார்ச் 14, சனி

காலையில் 64 வைத்தேன். ஒரே கரகர, படபட. கம்ப்யூட்டருக்கு மூச்சு முட்டுகிறது. வாத்தியங்கள் எல்லாவற்றையும் ஒரே ஃபைலாக்கி, எஃபெக்டுகளை அணைத்து, 128-க்கு வந்தேன். சுத்தம். விரலும் காதும் ஒன்றாயின.

நேரே அவள் வீட்டுக்குப் போனேன். வேனுக்குள் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"தப்பு என்மேலக்கா. செட்டிங்கை நான்தான் மாத்த மறந்துட்டேன். உன் தாளம் அப்படியே இருக்கு."

"சமாதானம் சொல்ல வந்தியா?"

"சத்தியமா இல்லக்கா."

படியில் உட்கார்ந்துவிட்டாள். "அஞ்சு நாளா, நான் முடிஞ்சு போயிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன்டீ."

அழுதாள். நானும். பிறகு துடைக்கிற துணியாலேயே என்னை நாலு சாத்து சாத்தினாள். வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

நம்பாமல்தான் வந்தாள். முதலில் 1024-இல் சொடுக்கச் சொன்னேன். பிறகு 128-இல். மறுபடி 1024 கேட்டாள், மறுபடி 128. "அடிப்பாவி" என்றாள்.

மூன்றாவது முறையிலேயே பாட்டு முடிந்தது.

மார்ச் 19

அனுப்பியாயிற்று. நிமிடத்துக்கு ஒருமுறை மெயிலைத் திறந்து பார்ப்பதே வேலை. எனக்குத்தான். அவள் சாவகாசமாக வேனுக்கு டயர் மாற்றுகிறாள்.

ஏப்ரல் 4, சனி

அக்காவைக் கூப்பிட்டுவிட்டார்கள்! இசையமைப்பாளரின் ஸ்டூடியோ. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அக்கா. இந்தப் பக்கம் அவருடைய ஒலிப்பதிவாளரும் நானும். "ரெடியாம்மா?" என்றார் ஒலிப்பதிவாளர். அக்கா ஹெட்போனை மாட்டி, கையைத் தூக்கி, மைக் முன்னால் ஒரு சொடக்குப் போட்டாள். தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"கொஞ்சம் பிந்தி வருது சார். பஃபரைக் குறைங்க."

அவர் திரையைப் பார்த்தார். நாக்கைக் கடித்துக்கொண்டு மாற்றினார். இன்னொரு சொடக்கு. அக்கா தலையாட்டினாள்.

"இவங்க எந்த ஸ்டூடியோல இருந்தாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஸ்கூல் வேன் ஓட்டுறாங்க சார்" என்றேன். அதற்குள் அக்கா பாடத் தொடங்கியிருந்தாள்.