ஆயிரத்து முந்நூறு கஜம்

ரிவர்ட்டன், வயோமிங்
அக்டோபர் 6

அன்புள்ள அர்லீன் அக்காவுக்கு,

நலம். உன் முட்டி வலி தேவலையா? நீ வீட்டில் மருந்தும் குண்டும் நிரப்பித் தந்த தோட்டாக்கள் தங்கம்! ஆயிரம் கஜத்தில் இரும்புத் தட்டை ஒன்றுவிடாமல் அடித்தேன். போன வாரம் உன் பண்ணைக்கு மேலே, பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில் ஒரு பெரிய எல்க் மான். ஆயிரத்து முந்நூறு கஜம். சுட்டேன், குறி தவறிவிட்டது, மான் மரங்களுக்குள் போய்விட்டது. கூட வந்த பையன்கள் எடுத்து இணையத்தில் போட்ட வீடியோவுக்குத்தான் ஏக வரவேற்பு.

வேட்டை வழிகாட்டி உரிமம் கிடைத்துவிட்டது. இன்னும் நூறு தோட்டா வேண்டும். கடையில் விற்பதை நம்ப முடியாது.

உன் தம்பி,
ட்ராய்

பண்ணை
அக்டோபர் 11

அன்புள்ள ட்ராய்,

மான் நின்ற இடத்துக்குப் போய்ப் பார்த்தேன் என்று ஒரு வரி எழுதியிருப்பாய் என்று தேடினேன். இல்லை. சுட்டவன் நடந்துபோய்ப் பார்க்க வேண்டும் என்பது அப்பா காலத்துச் சட்டம். நீ போகவில்லை, நான் போனேன்.

ஓடையோரம் கிடந்தது. உயிரோடு. பின்தொடை நொறுங்கிப் புழு வைத்திருந்தது. பத்தடியில் நின்று சுட்டு முடித்தேன், பிறகு காயத்தை அறுத்துப் பார்த்தேன். உள்ளே இருந்தது நான் நிரப்பிய செம்புக் குண்டு. இந்தப் பக்கம் உனக்கு மட்டும்தான் அதைத் தருகிறேன். என் கையைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

ஒன்றை மட்டும் சொல். படவில்லை என்று நிஜமாகவே நினைத்தாயா? ஆம் என்றால் நூறும் தருகிறேன்.

உன் அக்கா,
அர்லீன்

ரிவர்ட்டன்
அக்டோபர் 16

அன்புள்ள அக்காவுக்கு,

சத்தியமாகத் தெரியாது. அவ்வளவு தூரத்தில் யாருக்குத் தெரியும்? பாவம்தான், என்ன செய்வது. இந்த முட்டியோடு நீ ஏன் மலையேறினாய்? நூறு முடியாவிட்டால் அறுபதையாவது அனுப்பு.

ட்ராய்

பண்ணை
அக்டோபர் 21

ட்ராய்,

ஊர் நூலகக் கணினியில் உன் வீடியோவைப் பார்த்தேன். சுடுகிறாய். ஐந்து நொடி கழித்துப் பள்ளத்தாக்கைத் தாண்டித் "தொப்" என்று வருகிறது, மாவு மூட்டையில் குத்தியதுபோல. சதையில் பட்ட குண்டின் சத்தம் பத்து வயதிலேயே உனக்குத் தெரியும்.

"பட்டுடுச்சுடா! போய்ப் பாப்பமா?" என்று ஒரு பையன் கேட்கிறான்.

"அட விடுடா. அங்க இறங்கி ஏறவே மூணு மணி நேரம் ஆவும். பசி உயிர் போவுது, வாங்கடா பர்கர் தின்னலாம்."

என்கிறாய் நீ. சிரிக்கிறாய். அந்தச் சிரிப்பை வெட்டியெறியக்கூட உனக்குத் தோன்றவில்லை. சீ!

தோட்டா கிடையாது. நிரப்பும் கருவியைக் கழற்றிவிட்டேன். குண்டை வனவிலங்கு அதிகாரியிடம் கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை உன் வீட்டுக்கு வருவார். உரிமம் போகும், போகட்டும். நவம்பரில் நன்றியறிதல் நாள் விருந்துக்கு வழக்கம்போல் வான்கோழி செய்வேன். உனக்குத் தட்டு வைக்க மாட்டேன்.

மூன்று மணி நேரம் என்றாய். இந்த முட்டியோடு எனக்கு ஏழு ஆனது.

அர்லீன்