தையல் போட்ட கடைசி அத்தியாயங்கள்

படிக்கும்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத என் அருமை அத்தானுக்கு,

மூன்று தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நீங்கள் ‘ம்’ கொட்டியதாக வைத்துக்கொள்கிறேன். நீங்கள் இருந்தபோதும் அந்த ‘ம்’மை நம்பித்தானே உங்களிடம் மணிக்கணக்காகப் பேசினேன்? அதில் எனக்கு எத்தனை, கையிலிருந்த புத்தகத்துக்கு எத்தனை?

“நாலு பேர் படிக்கப் போறாங்க மாமா, யார் என்னன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க” என்கிறாள், நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிற உங்கள் மகள் வசந்தி. காரைக்கால் வட்டாரத்தில் என்னைத் தெரியாதவர் யார்? சரி, வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் ராமலிங்கம், என் அக்கா தனபாக்கியத்தின் கணவர். கோவில்பத்தில் வீடு, டவுனில் ஒரு சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை, போக வர சைக்கிள், கேரியரில் சாப்பாட்டு டப்பா, டப்பாவுக்குக் கீழே புத்தகம். நான் விழிதியூர் சிங்காரவேலு. அஞ்சாம் வகுப்பில் பாதிவரை படித்தேன். மீதிப் பாதிக்கு எனக்குச் சொல்லித்தர வாத்தியாரிடம் சரக்கு இல்லாததால் நானே நின்றுகொண்டேன்.

பிரெஞ்சுக்காரன் கப்பலேறிய கையோடு நடந்த கல்யாணம் உங்களுடையது. அதைப் பதிய மேரிக்குப் போனோம். நகராட்சி ஆபீசுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பேர். அங்கே உங்கள் பேரைக் கூப்பிட்டார்கள். மறுபடி கூப்பிட்டார்கள். மாலையும் கழுத்துமாக பெஞ்சில் உட்கார்ந்து நீங்கள் புத்தகம் படித்துக்கொண்டிருந்தீர்கள். “நம்ம பொண்ணைச் செவிடனுக்கா குடுத்துட்டோம்?” என்று எங்கப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. டவுசர் போட்ட நான் ஓடிவந்து புத்தகத்தைப் பிடுங்கியிராவிட்டால் அந்தக் கல்யாணமே பதிவாகியிருக்காது. இதை நான் சொல்லாத வீடு கிடையாது. மேரியின் பெரிய அதிகாரியே எழுந்து நின்று எனக்குக் கை கொடுத்தார் என்றும் சேர்த்துச் சொல்வேன். அவர் கொடுத்திருக்கவேண்டிய கைதானே?

பேரளம் ரயிலுக்காகக் கேட் சாத்தினால் ஊரே திட்டும். நீங்கள் ஒருத்தர்தான் சந்தோஷமாக சைக்கிளுக்கு ஸ்டாண்டு போடுவீர்கள். ரயில் போய், கேட் திறந்து, ஜனங்களெல்லாம் கலைந்து, சாயந்தர ரயிலுக்கு மறுபடி சாத்துகிறவரை நீங்கள் அங்கேயே நின்று படித்ததாக நான் சொல்லியிருக்கிறேன். ஒருத்தர்கூட நம்பாமல் இருந்ததில்லை. நீங்கள் அப்படிப்பட்ட ஆள்.

இதில் நான் கைவைக்காமலேயே நன்றாக இருக்கிற கதையும் உண்டு. ஒருநாள் ஆபீசிலிருந்து வந்ததும் வீட்டுக்குள் நுழையாமல் நேரே கிணற்றடிக்குப் போய்த் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொண்டீர்கள். அன்றைக்கு நான் அங்கேதான் இருந்தேன். அக்கா பதறிப்போய் ஓடிவந்தது.

“யாருங்க? ஆபீஸ்ல யாராவதா?”

“இல்ல.”

“பின்ன யாரு? சொல்லித் தொலைங்களேன், நெஞ்சு அடிச்சுக்குது.”

“பெரியவர் ஒருத்தர், தனம். நல்ல மனுஷன். நேத்துவரைக்கும் நல்லாத்தான் இருந்தார். இன்னிக்கு மத்தியானம் சாப்பிடறப்ப, ஒரே பக்கத்துல போயிட்டார்.”

அக்காவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் துண்டை உங்கள்மேல் வீசிவிட்டு, “அப்ப ராத்திரிச் சோறும் அந்தப் பெரியவர் வீட்லயே சாப்பிட்டுக்குங்க” என்று உள்ளே போய்விட்டது.

ஆனாலும் உங்கள் கிறுக்குகளிலேயே பெரிய கிறுக்கு அந்தத் தையல்தான். பிடிக்காத புத்தகத்தைக் கடைசி வரிவரை முடித்து ஓரமாகப் போட்டுவிடுவீர்கள். பிடித்துப்போனால்தான் வம்பு. கடைசி அத்தியாயம் வந்ததும் அக்காவின் தையல் டப்பாவைத் திறந்து ஊசியில் நூல் கோத்து, அந்தப் பக்கங்களை மொத்தமாகச் சேர்த்து ஓரத்தில் தைத்து மூடிவிடுவீர்கள். ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வீட்டில் நூல் இருக்காது.

நூலகத்துப் புத்தகத்துக்கும் இதே வைத்தியத்தைச் செய்து மாட்டிக்கொண்டது நினைவிருக்கிறதா? நான்தான் உங்களோடு வந்திருந்தேன்.

“சார், கடைசிப் பக்கத்தைக் கிழிக்கிறவனைப் பாத்திருக்கேன். தைக்கிறவரை இப்பத்தான் பாக்குறேன்” என்றார் நூலகர்.

“கிழிக்கலையே சார். பத்திரமாத்தானே வச்சிருக்கேன்.”

“உங்களுக்குப் பத்திரம். அடுத்து எடுத்துட்டுப் போனவர் வந்து என் மேசையத் தட்டிக் கத்திட்டுப் போறார்.”

அதற்குப் பிறகு சொந்தப் புத்தகங்களோடு நிறுத்திக்கொண்டீர்கள். திரும்பி வரும்போது நான் கேட்டேன், “ஏன் அத்தான், பாயசம் வர்ற நேரத்துல பந்தியிலேருந்து எந்திரிச்சுப் போற மாதிரி இல்ல இருக்கு?”

சைக்கிளைத் தள்ளிக்கொண்டே சொன்னீர்கள்: “எந்திரிக்கலடா மாப்ளே. இலைய மடிக்கல, அவ்வளவுதான். முடிச்சுட்டா அவங்கல்லாம் எங்க போயிடறாங்கன்னே தெரியல. இப்ப உள்ளாறதான் இருக்காங்க. ரிட்டயர் ஆகட்டும். ஒவ்வொருத்தரா போய்ப் பாக்குறேன்.”

ரிட்டயர் ஆனதும் கடற்கரைக்குப் போய், அரசலாறு கடலில் விழுகிற இடத்தில் உட்கார்ந்து, ஒரு நாளைக்கு ஒரு தையல் பிரிப்பதாகத் திட்டம். எனக்கு உடம்பு முழுக்கத் தேடினாலும் பொறுமை கிடைக்காது. அப்படிப்பட்ட நானே அந்தத் திட்டத்தைக் கேட்டு, ஆஹா, ராஜா மாதிரி இருக்கிறதே என்று மெச்சினேன். ஒரு மனுஷன் தனக்குப் பிடித்ததையெல்லாம் ரிட்டயருக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைக்கிறானே என்று யாருக்காவது உறைத்ததா? அக்காவுக்கு உறைத்திருக்கும். ஆனால் நீங்கள் அக்காவைக் கேட்கவில்லையே.

நான் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் கத்தரிக்காயும் கீரையுமாக வந்து இறங்குவேன். நீங்கள் அந்த வாரம் படித்ததைச் சொல்வீர்கள். பதிலுக்கு விழிதியூரில் அந்த வாரம் நடந்ததை, நடக்காததையும் சேர்த்து, நான் சொல்வேன். அப்படித்தான் நீங்கள் படித்த உப்பளக்காரர் கதை வந்தது. ஒரு உப்பளக்காரர், அவருக்கு ஒரே மகள். ஏதோ சொல்லிவிடுகிறார், மகள் கோபித்துக்கொண்டு போய்விடுகிறாள். மனுஷன் துறைமுகம் துறைமுகமாக அலைந்து தேடுகிறார். ஒவ்வொரு வாரமும் அந்த ஆளோடு நானும் அலைந்தேன். கடைசியில் தேட இடமில்லாமல் வீடு திரும்புகிறார். அந்த இடத்தில் தையல் போட்டுவிட்டீர்கள்.

“அவ வருவாளா, வரமாட்டாளா அத்தான்?”

“இரு மாப்ளே. என்ன அவசரம்?”

ரிட்டயர் ஆக ஒரு வருஷம்கூட இல்லாதபோது நெஞ்சுவலி என்று உங்களை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இரண்டாம் நாள் சாயந்தரம் கஞ்சி வைத்து எடுத்துவர அக்கா வீட்டுக்குப் போயிருந்தது. நான் சன்னலோரமாக நின்று, பெரிய டாக்டர் எனக்கு ரொம்ப வேண்டியவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டே கேட்டீர்கள்.

“மாப்ளே, அந்த உப்பளக்காரர் மக வந்தாளாடா?”

“எனக்கெப்படித் தெரியும் அத்தான்? நீங்கதானே தச்சு வச்சிருக்கீங்க? காலையில புஸ்தகத்தக் கொண்டாறேன்.”

“காலையில கிடக்கட்டும். நீ சொல்லு.”

“நானா?”

“ஊருக்கே கதை கட்டுறவன்தானே நீ? எனக்கு ஒண்ணு கட்டேன். பொய்யா இருந்தாலும் பரவாயில்ல.”

அத்தான், கோட்டுச்சேரிமேட்டுப் பக்கம் கரையேறிய சுறா என்னைப் பார்த்துத் திரும்பிப் போனது என்று அந்த மீன்காரர்களிடமே சொல்லி நம்பவைத்தவன் நான். நீங்கள் கேட்ட அந்த ஒரு தடவை எனக்கு வாய் வரவில்லை. வந்துட்டா அத்தான் என்றால் போதும். அவளுக்கு ஒரு மாட்டு வண்டி, வண்டிக்கு மணி, வாசலில் கோலம் என்று எதை வேண்டுமானாலும் போட்டிருக்கலாம். ஆனால் எதைச் சொன்னாலும் அதோடு எல்லாம் முடிந்துபோகும் என்று ஒரு பயம் வந்துவிட்டது. “டீ வாங்கியாறேன்” என்று எழுந்து வந்துவிட்டேன்.

திரும்பி வந்தபோது நீங்கள் தூங்கிக்கொண்டிருந்தீர்கள். விடிவதற்குள் போய்விட்டீர்கள். அந்தத் தூக்கத்தில் அவள் வந்தாளா?

இங்கத்திய சேதியும் சொல்கிறேன். கோவில்பத்தில் மாடிக்கு மாடி ஆண்டெனா முளைத்துவிட்டது. காற்று நன்றாக அடித்தால் இலங்கை டிவி தெரிகிறது. பக்கத்து வீட்டில் நாடகம் போட்டால் தெருவே அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது, அக்கா மட்டும் போவதில்லை. வசந்திக்கு மாயவரத்தில் டீச்சர் வேலை நிரந்தரமாகிவிட்டது. என் சிபாரிசுதான். வசந்தி இல்லை என்பாள், நீங்கள் நம்பாதீர்கள்.

உங்கள் முதல் திவசம் முடிந்த மறுநாள் வீட்டில் ஒரு சண்டை. வசந்தி உங்கள் அலமாரியைத் திறந்து, கையில் கத்தரிக்கோலோடு நின்றாள். அக்கா முறத்தில் பொடிமீனை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தது.

“அம்மா, அப்பா படிக்கத்தானே இத்தனையும் வாங்கி வச்சார்? நூலும் ஊசித் துளையுமா பூச்சி அரிக்கட்டும்னா?”

“அவர் படிக்க வச்சுட்டுப் போனது. நீ கை வைக்காத.”

“அவர்தான் படிக்கலையேம்மா!”

இதைச் சொல்லிவிட்டு அவளே அழுதுவிட்டாள். பிறகு இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சுத்துப்பட்டு ஊருக்கெல்லாம் பஞ்சாயத்து பேசுகிறவன் இல்லையா நான்? அலமாரியைப் பார்த்தேன். காலண்டர் தாளில் அட்டை போட்டு, வரிசை வரிசையாக, எல்லாம் உங்கள் கையால் அடுக்கியவை.

அக்காதான் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்தது.

“ஆஸ்பத்திரியில உங்கிட்ட கேட்டாருன்னியே, அது எந்தப் புஸ்தகம்டா?”

எடுத்துக் கொடுத்தேன். அக்கா கத்தரிக்கோலை வாங்கவில்லை. நூலைப் பல்லால் கடித்து உருவிவிட்டு என்னிடமே நீட்டியது.

“படி.”

“நானா? டீச்சர் பக்கத்துல நிக்கிறப்ப நான் எதுக்குக்கா?”

“உங்கிட்டத்தானே கேட்டாரு? நீயே படி.”

எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து நான் படித்ததைக் கேட்டிருந்தால் நீங்கள் சிரித்திருப்பீர்கள். பாதியில் என் புத்தி வேலை செய்யத் தொடங்கியது. உப்பளக்காரர் வீட்டுத் தெருவில் நல்ல மழை பிடித்துக்கொண்டது என்று ஒரு வரி விட்டேன்.

வசந்தி எட்டிப் பார்த்தாள். “மாமா, மழையே இல்ல அங்க.”

“உப்பளத்துல மழை பேஞ்சா உப்பு என்னடா ஆகும், கூறுகெட்டவனே? உள்ளத மட்டும் படி” என்றது அக்கா.

படித்தேன். அத்தான், உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன். அவள் வந்துவிட்டாள்.

ஆனால் நான் நினைத்த மாதிரி இல்லை. வண்டியும் இல்லை, மணியும் இல்லை. உப்பளக்காரர் வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டு உட்கார்ந்திருக்கிறார். அவள் வந்து நிற்கிறாள். எங்கே போனாய் என்று அவர் கேட்கவில்லை. மன்னித்துவிடு என்று அவளும் சொல்லவில்லை. அவர் கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து இடம் விடுகிறார், அவள் உட்காருகிறாள். அவ்வளவுதான், அதற்குமேல் வெற்றுத் தாள். நான் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

அக்கா புத்தகத்தை என் கையிலிருந்து வாங்கி மூடியது. பிறகு, “இதுக்காடா தச்சு வச்சாரு?” என்று கேட்டது. கோபமா, வருத்தமா, எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

எனக்கு அந்த உப்பளக்காரர்மேல்தான் பொறாமை, அத்தான். அந்த ஆளுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை. கதை கட்டத் தெரியாவிட்டால் என்ன, உங்கள் கட்டிலில் ஓரமாக உட்கார்ந்திருக்கலாமே? அந்த டீயை யார் கேட்டார்கள்? நீங்கள்கூட அன்றைக்குக் கால்களைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டீர்கள். எனக்கு இடம் விட்டீர்களா, இல்லை, வலியில் நகர்த்தினீர்களா? இதற்கு எந்தப் புத்தகத்தைப் பிரித்துப் பார்ப்பேன்?

அலமாரியில் இன்னும் நிறைய இருக்கிறது. “அடுத்த ஞாயித்துக்கிழமையும் வா” என்று அக்கா சொல்லியிருக்கிறது. வருவேன். இது சத்தியம். ஒவ்வொரு ஞாயிறும் அக்கா எதைப் பிரித்துக் கொடுக்கிறதோ அதைப் படிப்பேன். யார் வந்தார்கள், யார் போனார்கள், யாருக்குக் கல்யாணம் நடந்தது என்று அச்சில் உள்ளபடி உங்களுக்குச் சொல்வேன். மழை இல்லாத இடத்தில் மழை பெய்யாது. என் ஊர்க்கதைகளுக்கு இந்தச் சட்டம் கிடையாது, அதை நீங்களும் விரும்பமாட்டீர்கள்.

எழுத்துக் கூட்டிப் படிக்கிறவன் நான், நாளாகும். அவசரப்படுத்தாதீர்கள் அத்தான். நீங்கள் கேளுங்கள், நான் உட்கார்ந்தே சொல்கிறேன்.

உங்கள் தனத்தின் தம்பி, வசந்தியின் தாய்மாமன்,
விழிதியூர் சிங்காரவேலு