அறுபத்திரண்டு பேரில் அறுபத்தொன்றாவது

ஆவூர்
மார்ச் 9

அன்பு மகள் ஜாஸ்பினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. உடம்பில் சுகமும் மனதில் தெம்பும் உனக்குக் குறையக் கூடாது என்று தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நானும் அப்பாவும் உடம்பால் நலம். மற்றதைப் போனில் சொன்னால் அப்பா காதில் விழும் என்றுதான் கடிதமாக எழுதுகிறேன். அங்கே இன்னும் பனி விடவில்லை என்றாய், காதை மூடிக்கொண்டு போ, சின்ன வயதிலிருந்தே உனக்குக் காதில்தான் முதலில் வரும். சார்லஸ் மாமா வீட்டில் எல்லோரும் சுகம், சத்யாவுக்கு ஏழாம் மாதம் நடக்கிறது.

கல்லூரியில் அப்பாவுக்கு ஏதோ பிரச்சினை என்று மட்டும் உன்னிடம் சொல்லியிருந்தேன். போன ஜூலையில் ஆசிரியர்களை எல்லாம் வரிசைப்படுத்தி நோட்டீஸ் போர்டில் ஒரு லிஸ்ட் ஒட்டினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர்கள் தங்கள் கட்டுரைகளில் எத்தனை முறை எடுத்துக் காட்டியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லுமாம். இதெல்லாம் எனக்கு விளக்க வேண்டியிருந்தது, உனக்குத் தெரியாததா. அறுபத்திரண்டு பேரில் அப்பா அறுபத்தொன்று. அவருக்கும் கீழே இருந்த பொருளாதாரம் சார் ஜனவரியிலேயே இறந்துபோனவர், பெயரை எடுக்க மறந்துவிட்டார்கள். அப்பா எழுதிய ஆறு புத்தகமும் தமிழ் என்பதால் அந்தக் கணக்கில் வரவே இல்லை. வல்லத்திராக்கோட்டைப் பக்கம் ஒரு கண்மாய்த் தகராறில் ஊர்க்காரர்கள் கண்மாய்களைப் பற்றிய அவர் புத்தகத்தை நகல் எடுத்துத் தாலுகா ஆபீசில் கொடுத்துத் தங்கள் மடையை மீட்டார்களே, அதையும் எந்தக் கம்ப்யூட்டரும் எண்ணவில்லை. அப்பா முதலில் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். கடைசிப் பத்துப் பேருக்கு பி.எச்டி மாணவர்களை வைத்துக்கொள்ளும் உரிமை போய்விடும் என்று ஆகஸ்டில் சர்க்குலர் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அவரிடம் இருந்தது ஒரே ஆள், மீமிசல் செவந்தி. முப்பத்தாறு வயது, இரண்டு பிள்ளைகள். மீன் ஏலத்தில் பெண்களுக்கு எப்படி இடம் இல்லாமல் போனது என்று மூன்று வருஷமாக எழுதிக்கொண்டிருந்தவள்.

ஆராய்ச்சிப் பிரிவுக்கு டீனாக இருக்கும் பிரவீன்குமார் வீட்டுக்கே வந்தார். நல்ல பையன்தான், மரியாதையாகத்தான் பேசினார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாங்க அஞ்சு பேரு ஒரு குரூப்பு. நீங்க எங்க கட்டுரையப் போடுங்க, நாங்க ஒங்களப் போடுறோம். இங்கிட்டு எல்லாரும் இப்படித்தான் சார் ஏறுனோம்" என்றார். எழுதிய கட்டுரை ஒன்று கையில் இருக்கிறது, பெயரைச் சேர்க்கக் கையெழுத்து மட்டும் போதும் என்றார். அப்பா முடியாது என்று எழுந்துவிட்டார். ஜாஸ்பின், கையெழுத்தைப் போட்டுவிடுங்கள் என்று சொன்னது நான்தான். அந்தப் பெண்ணின் மூன்று வருஷத்தை நினைத்துப் பாருங்கள் என்று இரண்டு நாள் விடாமல் சொன்னேன். மூன்றாம் நாள் போட்டார். என்ன கட்டுரை என்று கேட்டேன், நூலகத்துக்கு வருகிறவர்களின் திருப்தியைப் பற்றி என்றார். அவர் அதைப் படிக்கக்கூட இல்லை.

அக்டோபரில் அது வெளிவந்தது, அந்த ஐந்து பேரும் அதைத் தங்கள் கட்டுரைகளில் எடுத்துக் காட்டினார்கள், அப்பா நாற்பத்தேழாம் இடத்துக்கு வந்தார். செவந்தி சந்தோஷத்தில் கருவாடு கொண்டுவந்து கொடுத்தாள். ஜனவரியில் அது வந்த இதழே போலி என்று ஒதுக்கிவிட்டார்கள், அதில் எழுதியவர்கள் பெயரெல்லாம் கமிட்டிக்குப் போயிற்று. மற்ற ஐந்து பேருக்கும் வேறு கட்டுரைகள் நிறைய, கொஞ்சம் எண்ணிக்கை குறைந்ததோடு சரி. அப்பா பெயரில் அந்தக் கணக்கில் இருந்ததே அது ஒன்றுதான். பொய்க் கட்டுரை எழுதியவர் என்று எழுதி உரிமையை எடுத்துவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்த இடம்.

செவந்தியை வணிகவியல் துறைக்கு மாற்றினார்கள். போன வாரம் அப்பாவிடம் வாங்கிய புத்தகங்களைத் திருப்பித் தர வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "மீன் வாங்குறவங்க திருப்தியப் பத்தி எழுதச் சொல்றாங்க சார். எங்க ஊரு பொம்பளைங்க பேசுனது எதுவும் வேணாமாம். நான் ஐஸ் கம்பெனில சேர்ந்துட்டேன் சார், வாரேன்" என்றாள். உங்களால்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தாலாவது அவருக்கு ஆறியிருக்கும். அப்பா அவள் முகத்தையே பார்க்கவில்லை. அன்றிலிருந்து கல்லூரிக்குப் போகிறார், பாடம் எடுக்கிறார், வருகிறார். பேனாவைத் தொடுவதில்லை. கண்மாய்களைப் பற்றிப் பாதி எழுதிய காகிதக் கட்டை எடைக்குப் போடச் சொன்னார், என் புடவை பீரோவில் ஒளித்து வைத்திருக்கிறேன். எதற்கு வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. இனி எழுதுவார் என்று தோன்றவில்லை.

உன் கட்டுரையைப் பற்றி நீ சொன்னதைத்தான் கடைசியாக எழுத வேண்டும். சரிபார்க்க முடியாத மொழி என்று அங்கத்து இதழ்க்காரர்கள் சொன்னதால் அப்பாவின் புத்தகப் பெயரை எடுத்துவிட்டேன் என்று அழுதாயே, உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. உன் வேலை நிரந்தரமாவதும் இந்த எண்ணிக்கையில்தான் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நேற்றுப் பூசை முடிந்து வரும்போது அவராகக் கேட்டார். "பாப்பா கட்டுரை வந்துருச்சாமா? நம்ம புத்தகத்தப் போட்டுருப்பாள்ல?" என்றார். ஆமாங்க, முதல் பக்கத்திலேயே போட்டிருக்கிறாளாம் என்று சொல்லிவிட்டேன். வீடு வரைக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

ஆண்டவர் உன்னைக் கைவிடாமல் காக்கட்டும், மாதா துணையிருக்கட்டும். வேளைக்குச் சாப்பிடு. அப்பா கேட்டால் நீயும் ஆமாம் என்றே சொல். கட்டுரையை மட்டும் அவருக்கு அனுப்பிவிடாதே.

உன் அம்மா
மரிய செல்வி