மாடி உன் பங்கு

அன்புள்ள தங்கைக்கு,

அத்திபெலேயில் நீயும் உன் வீட்டுக்காரரும் சௌக்கியமாகத்தான் இருப்பீர்கள். இங்கே ஜோகுபாளையத்தில் மழைத்தண்ணீர் என் கீழ் வீட்டுக்குள் புகுந்து வடிந்துவிட்டது.

பாகம் பிரித்தபோது, மூத்தவள் என்று கீழ் வீட்டைக் கேட்டு வாங்கினேன். நீ சிரித்துக்கொண்டே மாடிக்குத் தலையாட்டினாய். அந்தச் சிரிப்பு இப்போதுதான் புரிகிறது.

இடுப்பளவுக்குச் சுவர் ஊறிப்போய்ச் சுண்ணாம்பு உதிர்கிறது. அதில் வாடகைக்குக் குடியிருந்த தாரணி காலி செய்துவிட்டாள். வேறெங்கும் போகவில்லை, உன் மாடிக்குத்தான். நீயே போன் போட்டுக் கூப்பிட்டாயாமே.

பால் காய்ச்சிய அன்று எனக்கும் ஒரு டம்ளர் கொண்டுவந்தாள்.

"மேல நல்லா காத்து வருது ஆன்ட்டி, ஈரமே இல்ல" என்றாள்.

குடித்தேன். சர்க்கரை வேறு அதிகம்.

டு-லெட் போர்டு மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் சுவரை மோந்து பார்த்துவிட்டு, "மேல் வீடு காலியா இருக்கா ஆன்ட்டி?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

நேற்றும் நல்ல மழை. உன் மாடி ஒரு சொட்டாவது ஒழுகாதா என்று, காலி வீட்டில் நாற்காலி போட்டு அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம்தான் உறைத்தது. அது ஒழுகினாலும் கடைசியில் என் தலையில்தான் சொட்டும்.

இப்படிக்கு,
கீழ் வீட்டைக் கேட்டு வாங்கிய உன் அக்கா