அரிசி டிரம்மில் ஒரு ஹார்டு டிஸ்க்

இந்த ஊர் உனக்குப் பாதை கொடுக்கவில்லை. உயிரோடு கேட்டபோதும் கொடுக்கவில்லை, பாடையில் போனபோதும் கொடுக்கவில்லை.

இன்று காலை தாலுகா ஆபீஸ் வராந்தாவில் உட்கார்ந்து உன் ஹார்டு டிஸ்க்கை லேப்டாப்பில் செருகினேன். விளக்கு எரியவில்லை. கழற்றி, அந்தச் சின்ன வாயில் ஊதினேன். தவிடு பறந்தது. உங்கள் வீட்டு அரிசி டிரம்மின் வாசனை. பக்கத்தில் பட்டாவுக்குக் காத்திருந்தவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மறுபடி செருகியதும் விளக்கு எரிந்தது.

நம் தெருவில் யார் செத்தாலும் வயலில் இறங்கித்தான் சுடுகாடு போக வேண்டும். வரப்பில் ஒருவர் நடக்கலாம். பாடை தூக்கும் நான்கு பேர் நடக்க முடியாது. பாதை கேட்டு மனு கொடுத்த ஒவ்வொரு முறையும் "ஆதாரம் இருக்கா?" என்றார்கள். அதனால்தான் ஒவ்வொரு பாடையையும் வீடியோ எடுக்க நீ போனைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாய். முதல் நாளே உன் பெரியப்பா கத்தினார். "பொம்பளப்புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாது. கரையிலயே நில்லு."

"நான் சுடுகாட்டுக்கா வர்றேன் பெரியப்பா? வயலுக்குத்தானே வர்றேன். நடவுன்னா மட்டும் எறங்கச் சொல்றீங்க?"

சாவு வீடு என்பதையும் மறந்து இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். நீ சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாய்.

அப்புறம் ஒரு மழை நாளில், பாடைக்கு முன்னால் பின்பக்கமாக நடந்தே படம் எடுத்தபோது, வாய்க்காலில் வழுக்கி விழுந்தாய். போன் போயிற்று. அதுவரை எடுத்தது எல்லாமே அதில்தான் இருந்தது. நீ அழவில்லை, கெட்ட வார்த்தை பேசினாய். "அத்தன சாவும் தண்ணியோட போச்சுடி" என்றாய்.

குத்தாலத்தில் நீ வேலை பார்த்த ஜெராக்ஸ் கடையில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரை வாங்கி வந்தது அதற்குப் பிறகுதான். சாயங்காலம் புதுப் போனைச் சார்ஜில் போட்டால் போதும். புதிதாக எடுத்தது தானாகக் கம்ப்யூட்டருக்குள் போகும். அங்கிருந்து இணையம் வழியாகத் தஞ்சாவூரில் நான் தங்கியிருக்கும் இடத்தில் என் லேப்டாப்புக்கும் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் அதிலும் ஒரு நகல் தானே ஏறும். "நெனப்பா எடுத்து வைக்கணும்னா நம்மளால ஆவாதுடி. களையெடுத்துட்டு வந்து எவளுக்கு நெனப்பிருக்கும்? தானா நடக்கணும். ஒரு எடத்துல அழிஞ்சா இன்னொரு எடத்துல இருக்கணும்."

அந்த டிஸ்க்கை அரிசி டிரம்முக்குள் புதைத்தாய். வெள்ளம் வந்தால் நம் வீடுகளில் முதலில் உயரத்துக்கு ஏறுவது அரிசிதான்; மற்றதெல்லாம் பிறகு. அரிசியோடு சேர்ந்து இதுவும் தப்பிக்கும் என்பது உன் கணக்கு. "கரண்டு சாமான அரிசில வைக்கிறியே, சோறு ஷாக் அடிக்கப் போவுது" என்றாள் உன் அம்மா. அந்தக் கார்த்திகையில் வீட்டுக்குள் தண்ணீர் வந்து கம்ப்யூட்டர் கெட்டது. டிரம் பரண் மேல் இருந்தது. கம்ப்யூட்டரைச் சரிசெய்து, டிஸ்க்கில் இருந்ததையெல்லாம் திருப்பி ஏற்றிவிட்டு எனக்குப் போன் செய்தாய். "ஒண்ணுகூட போவலடி." அவ்வளவு சந்தோஷமாக உன் குரலை நான் கேட்டதில்லை. செத்தவர்கள் பத்திரமாக இருப்பதில் சந்தோஷப்பட வேண்டிய வயதா அது?

அடுத்த மழையில் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோயிற்று.

உன்னைத் தூக்கியபோது சம்பா இடுப்பளவு நின்றது. உன் போன் என் கையில் இருந்தது. நான் இறங்கினேன். பெரியப்பா திரும்பிப் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். "வழுக்கும். பாத்து வா" என்றார். வயல்காரர் மட்டும் எதிர்க் கரையில் குடை பிடித்து நின்றுகொண்டு, "ஓரமா போங்கப்பா, பயிர் சாயுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் குரலும் பதிவாகியிருக்கிறது. வாய்க்காலில் முன்னால் தூக்கியவருக்குக் கால் புதைந்து, நீ ஒரு பக்கமாகச் சரிந்ததும் இருக்கிறது.

சாயங்காலம் உன் வீட்டில் போனைச் சார்ஜில் போட்டேன். 'புதிய கோப்பு: ஒன்று. நகல் எடுக்கப்பட்டது' என்று திரையில் வந்தது. உன் ஏற்பாடு உன்னையும் வரிசையில் சேர்த்துக்கொண்டது. இப்போதும் தினம் என் லேப்டாப்பில் 'புதிய கோப்புகள் இல்லை' என்று வருகிறது. அதைப் பார்த்தால்தான் அன்றைக்கு நம் தெருவில் சாவு இல்லை என்று மூச்சு வருகிறது. உன் போன் உன் வீட்டிலேயே இருக்கிறது; இனிச் சாவு விழுந்தால் அதில் நான் எடுப்பேன், நான் வந்து சேராவிட்டால் தெருவில் யாராவது எடுப்பார்கள். என் லேப்டாப்பிலும் எல்லாம் இருந்தாலும், உன் டிஸ்க்கிலிருந்தே காட்ட வேண்டும் என்று இன்று அதைக் கொண்டுவந்தேன். ஊருக்குப் போனால் டிரம்முக்குத் திரும்பிவிடும்.

வராந்தாவிலிருந்து உள்ளே கூப்பிட்டார்கள். அதிகாரி இரண்டு வீடியோ பார்த்தார். மூன்றாவதைப் பாதியில் நிறுத்தச் சொன்னார்.

"ஏம்மா, ஒரே வீடியோவ பேர மாத்தி மாத்தி காப்பி போட்டு வச்சிருக்கீங்களா?"

அவர் மேல் முழுக்கக் குற்றம் சொல்ல முடியவில்லை. அதே வயல், அதே வாய்க்கால், அதே இடத்தில் அதே தடுமாற்றம். எல்லாமே ஒன்று போலத்தான் இருந்தன.

"காப்பி இல்ல சார். ஒவ்வொண்ணுலயும் வேற வேற ஆளு. கடைசில தூக்கிட்டுப் போறது, இதையெல்லாம் எடுத்தவள."

அவர் லேப்டாப்பை என் பக்கம் திருப்பி வைத்தார். நான் டிஸ்க்கைக் கழற்றவில்லை.

"அடுத்த சாவுக்குள்ளயாவது பாதை போடுங்க சார். எப்ப போடுவீங்க? தேதியச் சொல்லுங்க."

அவர் மணியை அழுத்தி, வெளியே நின்ற அடுத்த ஆளை வரச் சொன்னார்.